மணிப்படி வேலை செய்யும் கருவிகள்: கடைக்கும் தோட்டத்துக்கும் ஒரு பாடம்

வியாபாரிக்கு முதல் இரண்டு. ஒன்று பணம், மற்றொன்று காலம். பணமுதல் குறைந்தால் கைமாற்று வாங்கிச் சமாளிக்கலாம். காலத்தைக் கைமாற்றுத் தருவார் எவருமில்லை. ஆகவே காலத்தை வீணாக்காமல் காக்கும் ஒரு சாதனம் மலிவாகக் கிடைக்கிறதென்றால், அதைப் பற்றி நாம் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

லெம்பா பெர்த்தாம் வாசிகளுக்குக் காலக் கணக்கு புதிதல்ல. கேமரன் மலையில் 1929இல் ‘போ’ தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலந்தொட்டே இம்மலையின் வேலைகள் மணியை ஒட்டியே நடந்து வருகின்றன. விடியலில் தப்படித்துப் பெரட்டுக்கு அழைத்ததும் மணிக்கணக்கே. ஆலையில் கொழுந்தை இத்தனை மணி வாட்டி, உருட்டி, இத்தனை நிமிஷம் புளிக்கவிடுவதும் மணிக்கணக்கே. அதில் தவறினால் தேயிலையின் நிறமும் மணமும் போய்விடும். இன்று அந்த மணிக்கணக்கை ஒரு சிறு கணினிப் பெட்டியிடம் ஒப்படைக்கலாம். ஒப்படைப்பது எப்படி, எதை ஒப்படைக்கலாம், எதை ஒப்படைக்கக் கூடாது என்பவையே இப்பாடத்தின் பொருள்.

1. பழைய மணிக்கருவி

நம் கடைகள் பலவற்றில் சுவரிலுள்ள மூன்று முள் மின்வாயில் செருகும் வட்டமான மணிக்கருவி ஒன்று இருக்கும். அதன் விளிம்பைச் சுற்றிச் சிறு பற்கள் உண்டு. பொதுவாக அவை 96. ஒரு பல்லுக்குப் பதினைந்து நிமிஷம். வேண்டிய பற்களை அமுக்கிவிட்டால் அந்நேரத்தில் விளக்கு எரியும், மற்ற நேரத்தில் அணையும். விலை சொற்பம், கற்பது சுலபம்.

ஆனால் அதற்கு மூன்று குறைகள் உண்டு. பதினைந்து நிமிஷத்துக்குக் குறைந்த கணக்கு அதற்குத் தெரியாது. ஞாயிறும் திங்களும் அதற்கு ஒன்றே. இவ்விரண்டையும்விடப் பெரிய குறை மூன்றாவது: மின்சாரம் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டால் அதன் சக்கரமும் இரண்டு மணி நேரம் நின்றுவிடும். பிறகு இரவு பத்துக்கு எரிய வேண்டிய விளக்கு, யாராவது திருத்தி வைக்கும்வரை, நாள்தோறும் பன்னிரண்டுக்கே எரியும். முதலாளி உறங்குகிற நேரத்தில் நடக்கிற பிழையாகையால் அது கண்ணுக்கும் படாது.

2. புதிய முறை

இக்குறைகளை நீக்க வந்தவையே வீட்டுக் கருவிகளை ஆளும் மென்பொருள்கள். இலவசமாகக் கிடைப்பவற்றுள் இரண்டு பிரசித்தம். ‘ஓப்பன்ஹாப்’ என்பதை 2010இல் கை கிரோய்ட்சர் என்பவர் தொடங்கினார். ‘ஹோம் அஸிஸ்டன்ட்’ என்பதை 2013இல் பவுலஸ் ஸ்கௌட்சன் என்பவர் தொடங்கினார். இரண்டும் நம் கடையிலேயே ஒரு சிறு பெட்டியில் இயங்கக் கூடியவை. அஃதாவது, ஆணைக் குறிப்பு நம்மிடமே இருக்கிறது. சில மலிவான செருகிகளின் நேரக் குறிப்போ எங்கோ தூர தேசத்துக் கணினியில் இருக்கும். மலைப்பாதையில் மண் சரிந்து இணையக் கம்பி அறுந்தால், நம் கடை விளக்கை எரியச் சொல்ல ஆளிருக்காது. வாங்கும்போதே, இணையம் இல்லாவிடினும் இது வேலை செய்யுமா என்று கேட்டு வாங்குவது புத்தி.

3. ஓர் ஆணைக்கு மூன்று பாகம்

கடைப் பையனிடம் வேலை சொல்லும்போது நாம் எப்படிச் சொல்கிறோம்? “தம்பி, ஏழரை மணி ஆனதும், கடை திறந்திருந்தால், முன்விளக்கைப் போடு” என்கிறோம். இதில் மூன்று பாகம் இருக்கிறது. ‘ஏழரை மணி ஆனதும்’ என்பது தூண்டுதல். ‘கடை திறந்திருந்தால்’ என்பது நிபந்தனை. ‘முன்விளக்கைப் போடு’ என்பது செயல். மென்பொருளுக்கு ஆணை எழுதுவதும் இதே மூன்று பாகந்தான்.

தூண்டுதலுக்கும் நிபந்தனைக்கும் உள்ள பேதத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். தூண்டுதல் ஒரு கணம், வந்து போய்விடும். நிபந்தனை ஒரு நிலை. அக்கணத்தில் அது மெய்யா பொய்யா என்று மட்டும் பார்க்கப்படும். ஏழரைக்குக் கடை மூடியிருந்து, ஏழே முக்காலுக்குத் திறந்தால் விளக்கு எரியாது, தூண்டுதல் போய்விட்டதல்லவா? அதையும் சேர்க்க வேண்டுமானால் ‘கடை திறந்ததும்’ என்பதை இரண்டாவது தூண்டுதலாக எழுத வேண்டும். கெட்டிக்காரப் பையன் தானாக ஊகித்துக்கொள்வான். யந்திரத்துக்கு ஊகம் கிடையாது.

4. எந்த ஊர் மணி?

பெட்டியை நிறுவியதும் முதலில் பார்க்க வேண்டியது அதன் கடிகாரம். உலகப் பொது நேரத்துக்கும் மலேசிய நேரத்துக்கும் எட்டு மணி வித்தியாசம். பெட்டி உலகப் பொது நேரத்திலேயே இருந்துவிட்டால், மாலை 7:30 மணிக்கு எரியச் சொன்ன விளக்கு அதிகாலை 3:30 மணிக்கு எரியும். அமைப்பில் ‘ஆசியா, கோலாலம்பூர்’ என்ற நேர வலயத்தைத் தெரிவு செய்வது கட்டாயம்.

இந்த வித்தியாசமும் எப்போதும் எட்டு மணியாக இருந்ததில்லை. முன்பு தீபகற்பத்தின் நேரம் ஏழரை மணி வித்தியாசத்தில் இருந்தது. 1982 ஜனவரி 1 முதல் அரைமணி முன்னே தள்ளி, சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக்கினார்கள். நேரம் என்பது சூரியன் மட்டும் தருவதல்ல, அரசாங்கமும் சேர்ந்து தருவது என்பதற்கு இதுவே அத்தாட்சி.

5. சூரியனை ஒட்டிய ஆணை

முன்விளக்குக்கு மணியைக் குறிப்பதைவிட, சூரிய அஸ்தமனத்தைக் குறிப்பது மேல். பெட்டியிடம் நம் ஊரின் அட்சரேகை தீர்க்கரேகையைச் சொல்லிவிட்டால் அது தினமும் தானே கணக்கிடும். கேமரன் மலை பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ நாலரைப் பாகையில் இருப்பதால் வருஷத்தில் பெரிய மாற்றம் இல்லை. நவம்பர் தொடக்கத்தில் ஏழு மணிக்குச் சற்று முன்பும், ஜூலையில் ஏழரையை ஒட்டியும் அஸ்தமனம் ஆகிறது.

ஆனால் பெட்டிக்கு மலை தெரியாது. அது கணக்கிடுவது தடையற்ற அடிவானத்தை. பள்ளத்தாக்கிலோ சூரியன் முகட்டுக்குப் பின்னே முன்னதாகவே மறைந்துவிடும். மழை மேகமும் உண்டு. ஆகவே ‘அஸ்தமனத்துக்கு நாற்பது நிமிஷம் முன்பு’ என்று எழுதிப் பார்த்து, தம் கடையின் இருட்டுக்குத் தக்கபடி கூட்டியும் குறைத்தும் கொள்ளலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த அஸ்தமனக் கணக்கு விளக்குக்கு மட்டுமே. மஃரிபு வக்துக்கும் நோன்பு திறப்பதற்கும் ஜாக்கிம் வெளியிடும் அட்டவணையே நமக்கு அளவுகோல். அதில் கேமரன் மலை, கெந்திங் மலை, பிரேசர் மலை ஆகிய மேட்டு நிலங்களுக்குத் தனி மண்டலம் வகுக்கப்பட்டிருக்கிறது. வக்து நினைவூட்டும் ஒலியைக் கடையில் வைக்க விரும்புவோர் அந்த மண்டலத்து நேரத்தையே பெட்டிக்குக் கொடுக்க வேண்டும். ரமலான் மாதத்து ஸஹர், கடை நேரம் ஆகியவற்றுக்கு எழுதிய ஆணைகளை அடுத்த ஆண்டு அப்படியே விட்டுவிடலாகாது. ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ பதினொரு நாள் குறைவானதால் தேதி முன்னே வந்துவிடும்.

6. பூக்குடிலில் காலத்தின் விலை

லெம்பா பெர்த்தாமில் இரவு நேரத்தில் மலைச்சரிவைப் பார்த்தால் பிளாஸ்டிக் குடில்களுக்குள் வரிசை வரிசையாக விளக்குகள் எரிவதைக் காணலாம். அவை திருட்டுக்குப் பயந்து போட்ட விளக்குகள் அல்ல. அவற்றுள் வளர்வது சாமந்தி இனத்துக் கிரிசாந்திமம். அச்செடி இரவின் நீளத்தை அளந்து பூக்கிறது. பகலின் நீளம் செடிகளை ஆள்கிறது என்ற இவ்வுண்மையை 1920இல் அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு என்ற இருவர் வெளியிட்டார்கள்.

கிரிசாந்திமத்துக்கு இரவு நீண்டால் மொட்டு வரும். நம் மலையில் ஆண்டு முழுதும் பகல் சுமார் பன்னிரண்டு மணி, இரவும் அவ்வளவே. அந்த இரவு அச்செடிக்கு மொட்டு விடப் போதுமான நீளம். அப்படியே விட்டால் தண்டு வளருமுன் மொட்டு வந்துவிடும். குட்டைத் தண்டுப் பூவுக்குச் சந்தையில் விலை ஏது? ஆகவே தண்டு வளரும் வாரங்களில் நடு இரவில் வெளிச்சம் காட்டி, ஒரு நீண்ட இரவை இரண்டு குறுகிய இரவாகச் செடிக்குத் தோன்றச் செய்கிறார்கள். இரவு 10 முதல் 2 வரை என்பது வழக்கமான கணக்கு. தண்டு போதிய உயரம் வந்ததும் விளக்கை நிறுத்திவிட, பூ வருகிறது.

இதில் செலவைக் குறைக்கும் ஒரு வழியும் உண்டு. நாலு மணி நேரமும் தொடர்ந்து எரிக்காமல், அரைமணிக்கு ஆறு நிமிஷம் எரித்து மீதி நேரம் அணைத்தாலும் செடி ஏமாறும் என்பதை ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். பத்து வாட் விளக்கு நூறு என்றால் ஆயிரம் வாட். நாலு மணிக்கு நாலு யூனிட். முப்பது இரவுக்கு 120 யூனிட். ஆறு நிமிஷ முறையில் எட்டு அரைமணிக்கு 48 நிமிஷமே எரியும். முப்பது இரவுக்கு 24 யூனிட். ஐந்தில் ஒரு பங்கு!

பல் வைத்த பழைய மணிக்கருவியால் இதைச் செய்ய இயலாது. ஓப்பன்ஹாபிலோ இரண்டே வரி. எரிக்கும் வரி: 0 0,30 22,23,0,1 * * ? என்பது. அணைக்கும் வரி: 0 6,36 22,23,0,1 * * ? என்பது. இடமிருந்து வலமாக நொடி, நிமிஷம், மணி, தேதி, மாதம், கிழமை என்று ஆறு இடங்கள். உடுக்குறி என்றால் ‘எதுவாயினும்’. கேள்விக்குறி என்றால் ‘கிழமையைப் பொருட்படுத்த வேண்டாம்’. முதல் வரி இரவு 10, 10:30 என்று தொடங்கி 1:30 வரை எட்டுத் தடவை எரிக்கும். இரண்டாவது வரி ஒவ்வொன்றிலும் ஆறு நிமிஷம் கழித்து அணைக்கும்.

இம்முறையை ஒரே நாளில் தோட்டம் முழுதும் புகுத்துவது விவேகமன்று. எல்லா ரகமும் ஒன்றுபோல் இராது. ஒரு பாத்தியில் பார்த்து, தானா ராத்தாவிலுள்ள மார்டி நிலையத்தாரையோ விவசாய இலாகாவினரையோ கேட்டுச் செய்வதே முறை. அடிக்கடி எரித்து அணைத்தால் சிக்கனக் குழல் விளக்குகள் சீக்கிரம் பழுதாகும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மற்றொரு சௌகரியமும் உண்டு. தீபகற்பத்தில் 2025 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த மின்கட்டண முறையில், நேரவாரிக் கட்டணம் கேட்டுப் பெறுவோருக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை உச்ச நேரம். மற்ற நேரமும் சனி, ஞாயிறும் உச்சமற்ற நேரம். பூவிளக்கு முழுதும் உச்சமற்ற நேரத்திலேயே விழுகிறது. தண்ணீர்த் தொட்டி நிரப்பும் பம்பையும் அந்நேரத்துக்கு மாற்றலாம்.

7. நள்ளிரவுக் குழப்பம்

இரவைத் தாண்டும் ஆணைகளில் பலர் இடறி விழுகிறார்கள். ‘மணி 22க்கு மேல், 2க்குக் கீழ்’ என்று எழுதினால் அந்த ஆணை ஒருபோதும் நிறைவேறாது. இருபத்திரண்டுக்கு மேலும் இரண்டுக்குக் கீழும் ஒரே சமயத்தில் இருக்கும் எண் எது? ‘22க்கு மேல் அல்லது 2க்குக் கீழ்’ என்று எழுத வேண்டும். ஹோம் அஸிஸ்டன்டின் நேர நிபந்தனையில் தொடக்கமும் முடிவும் கொடுத்தால் நள்ளிரவை அதுவே சரிக்கட்டிக்கொள்ளும்; நாமே கணக்கு எழுதும்போதுதான் ஜாக்கிரதை வேண்டும்.

கிழமைக் குழப்பம் இதைவிட வேடிக்கையானது. நம் வழக்கில் வெள்ளி இரவு என்பது வியாழன் மஃரிபுக்குப் பின் தொடங்குவது. யந்திரத்துக்கோ நாள் பிறப்பது நள்ளிரவில். ‘வெள்ளி இரவு பத்துக்குப் போடு, இரண்டுக்கு அணை, வெள்ளி மட்டும்’ என்று சொன்னால், அது வெள்ளி இரவு பத்துக்குப் போடும். இரண்டு மணி வரும்போது சனிக்கிழமை ஆகிவிடும், ஆகவே அணைக்காது. விளக்கு அடுத்த வெள்ளி அதிகாலை இரண்டு வரை எரிந்துகொண்டே இருக்கும். அணைக்கும் ஆணைக்குக் கிழமை வைக்காமல் விடுவது நல்லது. அணைந்த விளக்கை மறுபடி அணைப்பதால் நஷ்டம் ஒன்றுமில்லை.

8. மின்சாரம் போய் வந்தால்

மலையில் மின்தடை சகஜம். பத்து மணிக்குப் பெட்டி உறங்கிக் கிடந்தால் பத்து மணி ஆணை போனது போனதுதான். பத்தேகாலுக்கு மின்சாரம் வந்தாலும் பெட்டி திரும்பிப் பார்க்காது. ‘பத்து நிமிஷம் கழித்து அணை’ என்று எண்ணிக்கொண்டிருந்த கணக்கும் நினைவிலிருந்து அழிந்துவிடும். இதற்குப் பரிகாரம்: ‘பெட்டி விழித்ததும்’ என்ற தூண்டுதலைச் சேர்த்து, இப்போது மணி பத்துக்கும் இரண்டுக்கும் நடுவிலா என்று பார்க்கச் சொல்வது, ஆமெனில் போடு, இல்லையேல் அணை.

இன்னொன்று. ‘ராஸ்பெர்ரி பை’ என்ற சிறு கணினியில் பலர் இம்மென்பொருளை வைக்கிறார்கள். அதன் பழைய வகைகளில் மின்கலக் கடிகாரம் கிடையாது. 2023இல் வந்த ஐந்தாம் வகையில் கடிகாரம் உண்டு, ஆனால் மின்கலத்தைத் தனியே வாங்க வேண்டும். கடிகாரமில்லாத பெட்டி மின்தடைக்குப் பின் இணையத்தைக் கேட்டே மணியறியும். மின்சாரம் வந்து இணையம் வராவிட்டால் தவறான மணியில் வேலை செய்யும். சிறிய மின்கலப் பெட்டி ஒன்றைத் துணைக்கு வைத்தால் இவ்விரு தொல்லையும் பெரும்பாலும் தீரும்.

9. நட்டக் கணக்கு எழுதிப் பார்த்தல்

இப்பாடத்தின் சாரம் இதுவே. எந்தக் கருவியும் என்றாவது தவறும். ஆகவே ஒவ்வொரு கருவிக்கும் நேரே, பேரேட்டில் பற்று வரவு எழுதுவதுபோல், இரண்டு பத்தி எழுத வேண்டும். ஆணை தவறி எரிந்தே இருந்தால் என்ன நட்டம்? அணைந்தே இருந்தால் என்ன நட்டம்?

பூவிளக்கு எரிந்தே இருந்தால் சில ரிங்கிட் மின்கட்டணம். சில இரவுகள் தொடர்ந்து அணைந்தே இருந்தால் ஒரு போகம் போய்விடும். ஆகவே அதன் சுவிட்சை, மின்சாரம் வந்ததும் எரியும் நிலையில் வைக்க வேண்டும். வெந்நீர்ப் பாய்லரோ தண்ணீரின்றி எரிந்தே இருந்தால் தீ. அணைந்தே இருந்தால் காலைத் தேநீர் அரைமணி தாமதம். ஆகவே அதை அணையும் நிலையில் வைக்க வேண்டும். இத்தெரிவு நல்ல சுவிட்சுகளின் அமைப்பில் இருக்கிறது. தொடாமல் விட்டால் அது தன் இஷ்டப்படி நடக்கும்.

ஆணை போயிற்று என்பது வேறு. வேலை நடந்தது என்பது வேறு. மின்னளவு காட்டும் சுவிட்சை வாங்கினால், ஆயிரம் வாட் இழுக்க வேண்டிய விளக்கு வரிசை பூஜ்யம் காட்டும்போது முதலாளியின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பச் சொல்லலாம்.

10. மணியிடம் விடக் கூடாதவை

மீனும் இறைச்சியும் வைத்த உறைபெட்டியை மின்சாரம் மிச்சம் பிடிப்பதற்காக மணிப்படி அணைக்கக் கூடாது. அது நாடுவது உஷ்ண நிலையை, மணியை அல்ல. சுழியத்துக்குக் கீழ் 18 பாகையில் இருக்க வேண்டியது ஏறத் தொடங்கினால் எச்சரிக்கும்படி வைப்பதே சரி. எரிவாயு அடுப்பும், ஆளில்லாத இடத்து இஸ்திரிப் பெட்டியும், அறைச் சூடேற்றியும் மணிக்கு உரியவை அல்ல. நம் மின்வாய் 230 வோல்ட், 13 ஆம்பியர். சுமார் 3,000 வாட் அதன் எல்லை. பம்பு, பாய்லர் போன்ற கனத்த சுமைகளைச் சிறு செருகியில் மாட்டாமல், தெனாகா ஆணையத்தில் பதிவு பெற்ற மின்பணியாளரைக் கொண்டு ‘கான்டாக்டர்’ என்னும் கனரகச் சுவிட்சு போட வேண்டும்.

லெம்பா பெர்த்தாம் மக்களுக்கு மணி உதவாத ஆபத்து எதுவென்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2013 அக்டோபர் 23 அதிகாலையில், பெருமழைக்குப் பின் ரிங்லெட்டிலுள்ள சுல்தான் அபூபக்கர் அணையின் நீர் திறந்துவிடப்பட்டபோது, வெள்ளமும் சேறும் பள்ளத்தாக்கில் புகுந்து உயிர்களையும் வீடுகளையும் கொண்டுபோயின. வெள்ளம் நேரம் குறித்து வருவதில்லை. வாசலில் நீர் தொட்டால் ஒலிக்கும் சிறு உணர்கருவி இன்று மலிவு. கடைக்குப் பின்னே ஆறிருப்போர் அதை வைப்பது நல்லது. ஆனால் அது அணையின் அபாயச் சங்குக்கு மாற்றாகாது. சங்கு ஒலித்தால் பெட்டியைப் பாராமல் மேட்டுக்கு ஏற வேண்டும். சரக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

11. பயிற்சி

இப்பாடத்தைப் படித்தவர்கள் கீழ்க்கண்டவற்றை ஒரு தாளில் செய்து பார்க்க வேண்டும்.

ஒன்று: கடையில் தினமும் மணிப்படி நடக்கும் வேலைகளை எழுதுக. ஒவ்வொன்றையும் தூண்டுதல், நிபந்தனை, செயல் என்று பிரிக்க.

இரண்டு: அவற்றுள் மணியை நாடுபவை எவை, சூரியனை நாடுபவை எவை, உஷ்ணம் நீர் முதலிய நிலையை நாடுபவை எவை என்று அடையாளமிடுக.

மூன்று: ஒவ்வொன்றின் நட்டக் கணக்கையும் இரு பத்தியில் எழுதி, எந்த நிலையில் தவறுவது மேல் என்று தீர்மானிக்க.

நான்கு: முன்விளக்கு ஒன்றுக்கு மட்டும் ஆணை எழுதி இரண்டு வாரம் பார்க்க. நடுவில் ஒருநாள் வேண்டுமென்றே பெட்டியின் மின்சாரத்தை நிறுத்தி, திரும்ப வந்ததும் என்ன நடக்கிறதென்று கவனிக்க.

இந்நான்கையும் செய்தவர் பிறகு பம்புக்கும் பாய்லருக்கும் போகலாம். செய்யாமல் அவசரப்பட்டவருக்குப் பழைய பல் மணிக்கருவியே போதும். எழுதிய தாளைக் கல்லாப்பெட்டியில் பத்திரப்படுத்துவதும் அவசியம். முதலாளி ஊருக்குப் போயிருக்கும் காலத்தில் கடையைப் பார்த்துக்கொள்ளும் தம்பிக்கு, எந்த விளக்கு எதற்காக எரிகிறது, எந்தச் சுவிட்சைக் கையால் அணைக்கலாம் என்று அந்தத் தாள்தான் சொல்லும்.